சுண்டல் ஃப்ராங்க்ஃபர்ட் போன கதை

டைட்டர் ரிசல்ட் வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினோம். நாய்க்கு ரத்தப் பரிசோதனை பாஸானதற்கெல்லாம் கேசரியா என்று அத்தை கேட்டார். கேட்டுக்கொண்டே முந்திரியையும் வறுத்துக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அந்த ரிசல்ட் செல்லாது என்று தெரிந்தபோது டப்பாவில் மிச்சம் இருந்தது அந்த முந்திரி மட்டும்தான்.

சுண்டல் எங்கள் நாய். 2020 டிசம்பர் மழையில், பெசன்ட் நகர் கடற்கரையில் மூடிக்கிடந்த ஒரு சுண்டல் வண்டிக்கு அடியில் கிடைத்தவள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். பதினேழு கிலோ. 2024 அக்டோபரில் கணவருக்கு டார்ம்ஸ்டாட்டில் வேலை உறுதியானதும் முதலில் எழுந்த கேள்வி வீடு, விசா பற்றியது அல்ல. "சுண்டலை என்ன பண்றது?" என்பதுதான். அத்தை தன்னிடம் விட்டுப்போகச் சொன்னார். அண்ணி, "நாயை யாராவது ஜெர்மனிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?" என்றார். நிறையப் பேர் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள் என்பது அப்போது எங்களுக்கும் தெரியாது.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாங்கள் செய்த முட்டாள்தனம் புரியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து நாயோ பூனையோ போக வேண்டுமென்றால் முதலில் அதன் தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. தரத்தில், பதினைந்து இலக்க எண் கொண்டது. அடுத்து ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டுக் குறைந்தது முப்பது நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புச் சக்தி இருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் டைட்டர் என்கிறார்கள். அது சரியாக வந்தாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல, எடுத்த நாளிலிருந்து.

இந்த மூன்று மாதம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் டாக்டர்தான் விளக்கினார். ரேபிஸ் கிருமி உடம்புக்குள் நுழைந்து பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஊசி போடுவதற்கு முன்பே ஏதாவது ஒரு தெருச்சண்டையில் கடிபட்டிருந்தால், டைட்டர் நன்றாக வந்தும் நாய் நோயை அடைகாத்துக்கொண்டிருக்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். ஜெர்மனி தரைவாழ் விலங்குகளில் ரேபிஸ் இல்லாத நாடு என்று 2008-லேயே அறிவித்துக்கொண்டுவிட்டது. நம் ஊரில் ஒவ்வொரு தெருமுனையிலும் அது இன்னும் ஒரு பயம். யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்றால், சுண்டலுக்கு வருடா வருடம் ஜூனில் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டு வந்தோம். கார்டில் வரிசையாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அக்டோபர் 21 அன்று சிப் வைத்தோம். ஜூனில் போட்ட ஊசிதான் இருக்கிறதே, முப்பது நாள் எப்போதோ தாண்டிவிட்டதே என்று அக்டோபர் 24 அன்றே ரத்தம் எடுத்து ஜெர்மனியிலுள்ள ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். க்ளினிக்கிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நவம்பர் நடுவில் ரிசல்ட். கேசரி. ஜனவரி 27-க்கு இரண்டு பேருக்கும் டிக்கெட்.

நவம்பர் கடைசியில், கூண்டு வாங்குவது பற்றிக் கேட்க, செல்லப்பிராணிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் செய்யும் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் கூண்டைப் பற்றிப் பேசவே இல்லை. "மேடம், சிப் என்னைக்கு வச்சீங்க? கடைசி ஊசி என்னைக்கு?" சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஊசி முன்னாடி, சிப் பின்னாடியா? அப்போ அந்த ஊசி கணக்குலயே இல்ல மேடம்."

சிப் வைத்த பிறகு (அதே நாளானாலும் பரவாயில்லை) போட்ட ஊசியைத்தான் அவர்கள் ஊசி என்று ஏற்றுக்கொள்வார்கள். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்பதற்கு என்ன அத்தாட்சி? கேட்டால் எவ்வளவு எளிமையாக இருக்கிறது! ஊசி செல்லாது என்றால் அதை வைத்து எடுத்த டைட்டரும் செல்லாது. மூன்று மாதமும் செல்லாது. எல்லாம் முதலிலிருந்து.

டிசம்பர் 5 அன்று புது ஊசி. முப்பது நாள் எண்ணி, அதற்கு மேல் இரண்டு நாள் விட்டு, 2025 ஜனவரி 6 அன்று ரத்தம். ஏப்ரல் 6-க்கு முன்னால் சுண்டல் ஐரோப்பாவில் கால் வைக்க முடியாது. கணவர் ஜனவரி 27 அன்று தனியாகக் கிளம்பினார். நானும் அவருடன் போய்விட்டு, நாயைப் பிறகு யாரையாவது வைத்து அனுப்பச் சொல்லலாமே என்று பலர் கேட்டார்கள். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கும் நாய் பயணம் செய்யும் நாளுக்கும் இடையில் ஐந்து நாளுக்கு மேல் போனால் அது சொந்தச் செல்லப்பிராணி என்ற கணக்கிலிருந்து வணிகக் கணக்குக்குப் போய்விடும். அதற்கு வேறு சான்றிதழ், வேறு நடைமுறை. அதனால் நான் மடிப்பாக்கத்திலேயே நாயுடன் நின்றேன். வேலையை ஏற்கெனவே ராஜினாமா செய்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் இல்லாத இரண்டரை மாதம். அந்தத் தேதி வரிசையின் விலை அது.

இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தபோது நானே பக்கத்தில் நின்றேன். ரத்தத்தை அப்படியே அனுப்புவதில்லை. சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் சீரத்தை மட்டும் சின்னக் குப்பியில் எடுத்து, ஐஸ் பேக்கோடு அனுப்புகிறார்கள். கூடப் போகும் படிவத்தில் சிப் எண்ணை உதவியாளர் கையால் எழுதினார். பதினைந்து இலக்கம். நான் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் 60 என்பது 06 ஆகியிருந்தது. அந்தக் குப்பி அப்படியே போயிருந்தால், யாரோ ஒரு கற்பனை நாய்க்கு ரிசல்ட் வந்திருக்கும், இன்னொரு மூன்று மாதம் போயிருக்கும். சிப் பாக்கெட்டுக்குள் பார்கோடு ஸ்டிக்கர்கள் நாலைந்து இருக்கும். அவற்றைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி கார்டு, ஆய்வகப் படிவம் என்று எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஸ்டிக்கரையே ஒட்டுங்கள். கையால் எழுத விடாதீர்கள்.

கார்டில் இன்னொரு வேடிக்கை இருந்தது. இனம் என்ற கட்டத்தில் டாக்டர் 'என்.டி.' என்று எழுதியிருந்தார். நான்-டிஸ்கிரிப்ட், அதாவது இன்ன இனம் என்று சொல்ல முடியாதது. நம் ஊர் க்ளினிக்குகளில் தெரு நாய்களுக்கு வழக்கமாக எழுதுவதுதான். விமான நிறுவனத்துக்கு முன்பதிவுக்காகப் போன் செய்தபோது அங்கிருந்த தமிழ்ப் பெண் கேட்டார்: "என்.டி.ன்னா எந்த நாட்டு இனம் மேடம்?" நாட்டு நாய்தாங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும், அவற்றின் கலப்பையும் ஜெர்மனிக்குள் கொண்டுவரவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் இனம் என்ற கட்டத்தைத் தெளிவாக நிரப்புவது நல்லது. டாக்டரிடம் சொல்லி 'இந்திய நாட்டு நாய், கலப்பு' என்று மாற்றி எழுதி வாங்கினேன்.

விமானத்தில் நாய்க்கு மூன்று வழி. சின்ன நாயோ பூனையோ என்றால் பையோடு சேர்த்து எட்டு கிலோவுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பல நிறுவனங்கள் நம் காலடியிலேயே வைத்துக்கொள்ள விடுகின்றன. அதற்கு மேல் என்றால் நம் பெட்டிகளைப்போல 'செக்-இன்' ஆக, நாம் போகும் அதே விமானத்தின் கீழ்த்தளத்தில் போகும். மூன்றாவது, சரக்காகத் தனியாக அனுப்புவது. பிரிட்டனுக்கு என்றால் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழி மட்டும்தான், துபாய்க்கும் அப்படியே. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாகக் கொண்டு போகவே முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் ஆறு மாதம் வாழ்ந்துவிட்டுத்தான் போக வேண்டும். அதையெல்லாம் பார்க்கும்போது எங்கள் பாடு பரவாயில்லை என்று தோன்றியது.

மேல் மாடியில் இருந்தவர்களிடம் ஒரு பக் நாய் உண்டு. அவர்களும் வெளிநாடு போக விசாரித்தார்கள். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சு விடுவதே பாடு, அதிலும் சூட்டிலும் பதற்றத்திலும் இன்னும் சிரமம். அதனால் பல விமான நிறுவனங்கள் பக், புல்டாக் போன்றவற்றைக் கீழ்த்தளத்தில் ஏற்றுவதே இல்லை. பெர்ஷியன் பூனைக்கும் இதே கதை. வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்துகொண்டே பக் குட்டி வாங்குகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம்.

ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று வரம்பு உண்டு. ஆகவே நாய்க்கு இடம் உறுதி செய்துவிட்டு நம் டிக்கெட்டை வாங்க வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. உறுதி செய்ததை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும். நான் சென்னையிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நேரடியாகப் போகும் இரவு விமானத்தையே பிடித்தேன். வழியில் இறங்கி மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. ஆனால் ஏப்ரல் வெயிலில் இன்னொரு ஊர் ஓடுதளத்தில் கூண்டு காத்திருப்பதை நினைத்தாலே வயிறு கலங்கியது. சில நிறுவனங்கள் வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் விலங்குகளை ஏற்றவே மறுக்கும். நம் ஊர்ச் சித்திரையில் பகல் விமானம் வேண்டவே வேண்டாம்.

இனி கூண்டு. இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லோரும் கிரேட் என்கிறார்கள், அத்தை மட்டும் கடைசிவரை கூண்டு என்றே சொன்னார். எனக்கும் அதுவே பழகிவிட்டது. விமானத்துக்கான கூண்டுக்கு ஐயாட்டா என்ற அமைப்பு அளவு சொல்லியிருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஓர் அளவு, தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை இன்னொன்று. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தைப்போல இரு மடங்கு, கூண்டின் அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அது, விரிப்பின் கனத்தையும் சேர்த்து, கூண்டின் உயரம். சுண்டலுக்கு நிமிர்ந்த காது ஒன்று இருக்கிறதே, அந்த ஒரு காதுக்காக ஒரு சைஸ் பெரிய கூண்டு வாங்க வேண்டியதாயிற்று. அத்தைக்குச் சொன்னேன், நம்பவில்லை.

முப்பத்தாறு அங்குலக் கூண்டு. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்க்க அதோடு வந்தவை பிளாஸ்டிக் கிளிப்புகள். அவற்றைக் கழற்றிவிட்டு, ஹார்டுவேர் கடையில் இரும்பு போல்ட்டும் நட்டும் வாங்கி முடுக்கினேன். பல விமான நிறுவனங்கள் போல்ட் இல்லாமல் ஏற்றுக்கொள்வதில்லை. நாலு பக்கமும் காற்றோட்டம், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம், சக்கரம் இருந்தால் கழற்றிவிடுவது, இவை எல்லாம் பார்ப்பார்கள்.

வாங்கி வந்த அன்று சுண்டல் அதைப் பார்த்துக் குரைத்தாள். மறுநாள் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே ஒரு பழைய புடவையை விரித்து, தயிர் சாதத்தைக் கூண்டு வாசலில் வைத்தேன். ஒரு வாரம் வாசலில். அடுத்த வாரம் ஒரு சாண் உள்ளே. பிறகு கடைசி மூலையில். மூன்றாவது வாரம் மதியத் தூக்கத்துக்கு அவளாகவே உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் கதவை மாட்டினேன், அதையும் சாத்தாமல். மூடியது ஒரு மாதம் கழித்து, ஐந்து நிமிடம் மட்டும். மார்ச்சில் மூடிய கூண்டில் இரவு முழுவதும் தூங்கினாள். அப்புறம் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்தனாரின் காரில் கூண்டோடு ஏற்றிக்கொண்டு திரிசூலம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓரமாக நிறுத்தி விமானங்கள் ஏறி இறங்குவதைக் கேட்க வைத்தோம். முதல் நாள் நடுங்கினாள். மூன்றாவது ஞாயிறு கொட்டாவி விட்டாள். ஜனவரியிலேயே போயிருந்தால் இதற்கெல்லாம் நேரமே இருந்திருக்காது. அந்தப் பாழாய்ப்போன மூன்று மாதத்தில் உருப்படியாக நடந்தது இது ஒன்றுதான்.

தூக்க மாத்திரை கொடுத்துவிடு, பத்து மணி நேரம் தூங்கிக்கொண்டே போய்விடும் என்று தெருவில் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். டாக்டர் திட்டவட்டமாக மறுத்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்த நாயின் ரத்த அழுத்தமும் மூச்சும் இறங்கும், உடம்புச் சூட்டைச் சமாளிக்கும் திறனும் குறையும், கூண்டு சாயும்போது காலை ஊன்றி நிற்கவும் முடியாது. மேலே யாரும் பக்கத்தில் இருந்து பார்க்கப் போவதில்லை. மருந்து கொடுத்தது தெரிந்தால் விமான நிறுவனங்களும் ஏற்ற மாட்டார்கள்.

கடைசிப் பத்து நாள் தனிக் கதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உடல்நலச் சான்றிதழில் அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் நாய் அங்கே நுழைந்துவிட வேண்டும். சென்னையில் அதைத் தருவது மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகம், பள்ளிக்கரணையில் இருக்கிறது. எல்லோரும் ஏ.க்யூ.சி.எஸ். என்பார்கள். என் விமானம் ஏப்ரல் 14, திங்கள் அதிகாலை. நாட்காட்டியைப் பார்த்தால் வியாழன் மகாவீர் ஜெயந்தி, மத்திய அரசு விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. ஆக கடைசி ஐந்து நாளில் எனக்கு மிச்சம் இருந்தது புதனும் வெள்ளியும். விமானத் தேதியைக் குறிக்கும்போது அதற்கு முந்தைய வாரத்தின் விடுமுறைகளையும் பாருங்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

புதனன்று சுண்டலைக் கூட்டிக்கொண்டு போனேன். சதுப்பு நிலத்துக் காற்று அடித்ததும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். உள்ளே டாக்டர் சிப்பைப் படித்தார், காய்ச்சல் பார்த்தார், உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள் பார்த்தார். "பேரு?" சுண்டல் என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே, "பட்டாணியா, கொண்டைக்கடலையா?" என்றார். வெள்ளிக்கிழமை சான்றிதழ் கைக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். நுழையும் நாட்டின் மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த படிவமாக இருக்க வேண்டும். எனக்கு ஜெர்மனும் ஆங்கிலமும். நமக்குப் பொருந்தாத வரிகள் அடிக்கப்பட்டிருக்க வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் அச்சின் நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும், எல்லாப் பக்கமும் முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டிருந்தது. சொன்னதும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் திங்கள் அதிகாலைக்குள் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கொஞ்சமாகச் சாப்பாடு. அதற்கு மேல் தண்ணீர் மட்டும். கூண்டுக் கிண்ணத்தில் தண்ணீரை முந்தின நாளே ஃப்ரீசரில் கட்டியாக்கி வைத்திருந்தேன். தூக்கி ஏற்றும்போது சிந்தாது, பிறகு மெல்ல உருகும். நான் இரண்டு நாள் உடுத்தித் துவைக்காத நைட்டியை அடியில் விரித்தேன்.

ஒன்பதரைக்கு விமான நிலையம். இங்கே ஒரு விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. வழியனுப்ப வந்த யாரும் உள்ளே வர முடியாது. வாசலுக்கு உள்ளே நான், இரண்டு சூட்கேஸ், பத்து கிலோக் கூண்டு, பதினேழு கிலோ நாய். போர்ட்டர் ஒருவர் கிடைத்தாரோ பிழைத்தேனோ. வழுவழுப்பான தரையில் நகம் வழுக்கியதும் சுண்டல் அப்படியே படுத்துவிட்டாள், நகர மாட்டேன் என்றாள். ஸ்கேனரில் கூண்டு மட்டும் போகும், நாயை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கழுத்துப்பட்டையைவிட மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான் அந்த இடத்துக்கு நல்லது. பயந்த நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். காவலுக்கு நின்ற சி.ஐ.எஸ்.எஃப். பெண் ஒருவர் குனிந்து அந்த மடிந்த காதைத் தடவிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

கவுண்டரில் எடை, காகிதங்கள், கட்டணம். என் டிக்கெட்டைவிட அவளுக்கு, ஊசியிலிருந்து கூண்டுவரை மொத்தமாகப் பார்த்தால், அதிகம் ஆகியிருந்தது. கூண்டுக் கதவில் கேபிள் டை போட்டு இறுக்கினார்கள். தள்ளிக்கொண்டு போகும்போது அவள் குரைக்கவில்லை, அழவும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு போனாள். குரைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கீழ்த்தளம் என்றால் இருட்டுக் கிடங்கு, காற்றில்லாத குளிர் என்றெல்லாம் பயந்திருந்தேன். விலங்குகளை வைக்கும் பகுதியில் பயணிகள் பகுதியைப்போலவே காற்றழுத்தம் இருக்கும், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். கீழே உயிருள்ள விலங்கு இருப்பதை விமானிக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும், இருக்கையில் உட்கார்ந்ததும் பணிப்பெண்ணிடம் என் நாய் ஏறிவிட்டதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். கதவு மூடுவதற்கு முன் வந்து தலையசைத்தார். நீங்களும் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் பெரிய சாமான்கள் வரும் இடத்தில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் நின்றேன். கூண்டு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த ஒற்றைக் காதுதான். விரிப்பு கொஞ்சம் நனைந்திருந்தது, கிண்ணம் காலி. என்னைப் பார்த்ததும் கூண்டே ஆடியது. உடனே திறந்துவிடக் கூடாது, வெளியே வந்த பிறகுதான். வெளிநாட்டிலிருந்து விலங்கோடு வருகிறவர்கள் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்த் தாங்களாகவே சொல்ல வேண்டும். பச்சை வழியில் நடந்தால் குற்றம்.

அதிகாரி சிப் படிக்கும் கருவியைத் தோளில் வைத்தார். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தார், இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. சிப் சில சமயம் வைத்த இடத்திலிருந்து நகர்ந்துவிடும் என்று பள்ளிக்கரணை டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்கே அது இடது தோளுக்குக் கீழேதான் கிடைத்திருந்தது. இடது பக்கத்தைக் காட்டினேன். பீப். பிறகு அவர் காகிதங்களை எடுத்து, விரலை வைத்து மூன்று தேதியை மட்டும் பார்த்தார். சிப், ஊசி, ரத்தம். அக்டோபர், டிசம்பர், ஜனவரி. அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு மாதமாக நான் சுமந்துகொண்டிருந்த ஃபைலில் மீதி எதையும் அவர் புரட்டவில்லை. பெயரைப் படித்து, "ஸுண்டால்?" என்றார். ஆமாம் என்றேன்.

வெளியே கணவர் நின்றிருந்தார். அன்று சித்திரை முதல் நாள். சுண்டல் அவரிடம் போவதற்கு முன்னால் முதலில் தென்பட்ட புல்லுக்குத்தான் போனாள். வெகுநேரம் நின்றாள்.

வந்த பிறகு செய்தவை: நகராட்சியில் பதிவு செய்து நாய் வரி கட்டினோம். ஊருக்கு ஊர் தொகை மாறும், பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. நாய் யாரையாவது கடித்தால், சைக்கிளில் போகிறவரைத் தள்ளிவிட்டால் என்று காப்பீடும் எடுத்தோம். சில மாநிலங்களில் அது கட்டாயம். தொலைந்துபோனால் தேடுவதற்காக டாசோ என்ற அமைப்பில் சிப் எண்ணைப் பதிந்தோம், அது இலவசம். உள்ளூர் மருத்துவர் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் போட்டுக் கொடுத்தார், நீல நிறக் கையேடு. டைட்டர் ரிசல்ட்டையும் அதில் ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அவர் உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். அதைச் சென்னையிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

கூண்டை விற்றுவிடலாம் என்றார் கணவர். அவள் இன்னும் அதற்குள்தான் தூங்குகிறாள், கதவு இல்லாமல். அத்தை வீடியோ காலில் வந்தால் முதலில் எங்களைக் கேட்பதில்லை, "கூண்டுல இருக்காளா, வெளிய இருக்காளா?" என்றுதான் கேட்கிறார். ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். வரலாம். ரேபிஸ் ஊசி ஒரு நாள்கூடப் பிந்தாமல் தொடர்ந்து வந்தால் பழைய டைட்டரே செல்லும், திரும்பி வரும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. ஒரு நாள் பிந்தினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அடுத்த ஊசி டிசம்பர் 4-க்குள். ஃப்ரிட்ஜில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கணவர் போனிலும், அத்தை வீட்டுத் தினசரி காலண்டரிலும் அதே தேதி இருக்கிறது.